அன்புராசாவின் பேரில் விழுந்த மணித்தியாலங்கள்

என்னுடைய பெயர் இக்னேசியஸ். இதைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும். ஏனென்றால் மூன்று வருடமும் ஒன்பது மாதமும், கிழமைக்கு ஐந்தரை நாள், ஸ்காபரோவில் ஒரு கராஜுக்குள் எனக்கு அந்தப் பெயர் இல்லை. அங்கே நான் ராஜா. கடதாசியில் அன்புராசா. "ராஜா!" என்று ஒரு சத்தம் கேட்டால் காருக்குக் கீழே படுத்திருந்தாலும் "யேஸ்" என்று குரல் கொடுப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி ஆருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

அன்புராசா என்னுடைய நண்பன். நண்பன் என்று எழுதும்போதே பேனையை எறியவேண்டும்போல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். எண்பத்தேழிலேயே கனடாவுக்கு வந்து பேப்பரெல்லாம் சரிவந்து, பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். நானும் மனைவி பேர்ணடெற்றும் தொண்ணூற்றிரண்டு மாசியில், கொட்டுகிற பனியில் வந்து இறங்கினோம். அகதி வழக்குப் போட்டாயிற்று. ஆனால் அந்த வருடம் எங்களைப்போல வந்தவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் டோர்செட் பார்க் என்ற இடத்தில் பதினோராம் மாடியில் இருந்து கார் போவதையும் வருவதையும் எண்ணினேன்.

ஊரில் நான் எஞ்சின் வேலைக்காரன். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்களில் நானும் ஒருவன். சும்மா இருக்கச்சொன்னால் கை கடிக்கிறது. ஒருநாள் அன்புராசா வந்து, "விசரே உனக்கு, உதிலை இருந்து என்னத்தைப் பார்க்கிறாய்? என்ர சின் நம்பரை வைச்சு வேலைக்குப் போ" என்றான். சின் நம்பர் என்பது வேலை செய்வதற்கு அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற ஒன்பது இலக்கம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குள் இது பெரிய விசயமே இல்லை. அரிசிமா இரவல் கொடுப்பதுபோலப் பெயரையும் இரவல் கொடுத்தார்கள். பெயர் கொடுத்தவன் நல்லவன், வாங்கினவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

அப்படித்தான் நான் விட்டோரியோவின் கராஜுக்குப் போனேன். விட்டோரியோ இத்தாலிக்காரக் கிழவர், அறுபத்தைந்து வயதிருக்கும், தலையில் ஒரு மயிர் இல்லை, புருவம் மட்டும் பற்றையாக நின்றது. அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும். முதல் நாளே ஒரு இருமல் பிடித்த எஞ்சினைக் காட்டி என்ன வருத்தம் என்று கேட்டார். காதை வைத்துப் பார்த்து, மூன்றாவது வால்வு என்று சொன்னேன். மூடியைக் கழற்றிப் பார்த்தார், மூன்றாவது வால்வுதான். "பெயர் என்ன?" என்றார். "அன்புராசா" என்றேன். அவருடைய வாய்க்குள் அது நுழையவில்லை. "ராஜா" என்று வைத்துக்கொண்டார்.

சம்பளச் செக் அன்புராசாவின் பேரில் வரும். அவன் மாற்றிக் கொண்டுவந்து தருவான். அந்த விசயத்தில் அவன் ஒரு சதம் பிசகியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், காசில் அவன் கோயில்மணி. அதனால்தான் நான் குருடனாக இருந்தேன். காசில் சுத்தமானவன் எல்லாவற்றிலும் சுத்தமாயிருப்பான் என்று நினைக்கிற பேயன் நான்.

நாலு மாதம் கழித்து விட்டோரியோ ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். என்னை முறைப்படி அப்பிரன்டிசாக, தொழில் பழகுகிறவனாக, பதியப்போகிறாராம். ஏழாயிரத்துச் சொச்சம் மணித்தியாலம் வேலை செய்து முடித்தால் சோதனை எழுதலாம், எழுதினால் மெக்கானிக் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாதவன் இந்த நாட்டில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கிறவன்தான். லைசென்ஸ் இருக்கிறவனை எந்தக் கராஜும் வாசலில் நின்று கூப்பிடும். எனக்கு வாய் ஊறியது. படிவத்தைக் கொண்டுபோய் அன்புராசாவிடம் காட்டினேன்.

"மச்சான், இது உன்ர பேரிலையெல்லே விழப்போகுது."

"விழட்டுமடா. உன்ர பேப்பர் வரட்டும். ரெண்டுபேருமாக் கிழவனிட்டைப் போய் விசயத்தைச் சொல்லி மாத்துவம். நான் வந்து சொல்லுறன், நீ ஏன் யோசிக்கிறாய்?" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் விட்டோரியோ சின்ன நீலப் புத்தகத்தில் மணித்தியாலங்களை எழுதிக் கையெழுத்து வைப்பார். பிறேக் இத்தனை, கியர்பொக்ஸ் இத்தனை, எஞ்சின் இத்தனை. ஒவ்வொரு மணித்தியாலமும் என்னுடைய முதுகும் முழங்காலும் கொடுத்தது. மேலே எழுதியிருந்த பெயர் மட்டும் அவனுடையது.

தொண்ணூற்றிநாலு கார்த்திகையில் எங்களுடைய வழக்கு வென்றது. வேலை அனுமதியும் வந்தது. பேர்ணடெற் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் நேரே அன்புராசாவிடம் ஓடினேன்.

"இப்ப சொல்லுவமோ?"

"மச்சான், இப்ப மாத்தப்போனால் ரெண்டு வருசத்து மணித்தியாலமும் போயிடும். கிழவன் பயந்து உன்னை நிப்பாட்டினாலும் நிப்பாட்டிப்போடுவான். வெள்ளைக்காரன்ர மனம் எங்களுக்குத் தெரியுமே? முழுக்க நிரம்பட்டும். பிறகு ஒரு லோயரைப் பிடிச்சு ஒரேயடியா மாத்துவம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இதுதான் என்னுடைய வயிற்றை எரிக்கிறது. நியாயமாகவே பட்டது.

பேர்ணடெற் மட்டும், "கிழவர் நல்ல மனுசன்போலக் கிடக்குது, நீங்கள் நேரை சொன்னால் என்ன?" என்றாள். "உனக்கு ஒண்டும் விளங்காது, வாயை மூடு" என்று அவளைத்தான் அடக்கினேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் அன்புராசாவின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு வருடம் சுடுபிளாஸ்ரிக்கோடு கிடந்தவனை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போ என்று விட்டார்கள். ஆள் வாடிப்போனான். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு பழைய அமெரிக்க வானை, எட்டு சிலிண்டர், எஞ்சின் கடகடவென்று அடித்தபடி, இழுத்துக்கொண்டு வந்தான். "மச்சான், இதின்ர எஞ்சினை ரெண்டுபேருமாக் கழட்டிப் பூட்டுவம். எனக்கும் தொழிலைக் காட்டித்தா. சும்மா இருக்க விசராக் கிடக்கு" என்றான்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விட்டோரியோவிடம் கேட்டேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு மூலையைப் பாவிக்கலாம் என்றார். முதல் சனி அன்புராசா கராஜுக்குள் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவனை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது? அன்புராசாவாக நான் அல்லவா நிற்கிறேன்! நாக்குத் தடுக்கி, "இது என்னுடைய நண்பன், இக்னேசியஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"இஞ்ஞாட்சியோ!" என்று கிழவர் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் அம்மாவின் தம்பிக்கும் அந்தப் பெயர்தான். வா, கோப்பி குடி."

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அன்புராசாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். பஸ்ஸில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது.

சனி சனியாக வேலை நடந்தது. எஞ்சினை வெளியே எடுத்து, பிஸ்ரன் எல்லாம் கழற்றி, கழுவி, புது றிங் போட்டு, கிராங்குக்குப் புதுப் பெயாறிங் வைத்தோம். அன்புராசா எழுதுவதற்கு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி கொண்டுவந்தான். நான் சொல்வதையெல்லாம் எழுதுவான். சும்மா சொல்லக்கூடாது, எழுத்து முத்துப்போல இருக்கும். வகுப்பிலும் அவன்தான் கெட்டிக்காரன், நான் கடைசி வாங்கு. அவன் எழுத நான் சொல்வது எனக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், மடையன்.

வீட்டில் பேர்ணடெற் கேட்டாள். "வான் திருத்திறவருக்கு என்னத்துக்குக் கொப்பி?"

"படிச்சவன் எழுதுவான். உனக்கேன் எரியுது?" என்றேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ரைமிங் செயின் பூட்டினோம். அந்த நாளை நான் மறக்கமாட்டேன். அதுதான் அந்த எஞ்சினிலேயே எனக்குப் பிடித்த வேலை. கீழே கிராங்க், மேலே காம் ஷாவ்ற். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் ஒரு சுற்றுச் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தச் செயின்தான். பழைய செயின் பாவாடை நாடாபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. காம் கியரின் பற்களுக்கு மேலே போர்த்திருந்த நைலோன் வெடித்து, அரைவாசிப் பற்களைக் காணவில்லை. தூள் முழுக்க ஒயில் தட்டுக்குள் கிடந்தது. புதிதாக இரும்புக் கியர் வாங்கி வைத்திருந்தோம்.

"இஞ்சை பார்" என்றேன். "கீழ்க் கியரிலை ஒரு புள்ளி, மேல்க் கியரிலை ஒரு புள்ளி. கீழையுள்ள புள்ளி மேலை பார்க்கோணும், மேலையுள்ளது கீழை பார்க்கோணும். ரெண்டும் முகத்துக்கு முகம் நேரை நிக்கோணும். ஒரு பல்லுத் தவறினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் ஏத்தத்திலை மூச்சு வாங்கும்."

"செயினை எப்பிடிப் போடுறது?"

"மேல்க் கியரிலை மாலை போடுறமாதிரிப் போடு. புள்ளி கீழை நிக்கக் கியரைக் கையிலை பிடி. இனிச் செயின்ர அடியைக் கீழ்க் கியரிலை கொழுவு. இப்ப மேல்க் கியரைக் காமிலை வை. அந்த ஆணி ஓட்டைக்குள்ளை வந்து இருக்கோணும்."

கியர் காமில் முழுதாக ஏறாமல் விளிம்பில் நின்றது. அன்புராசா சுத்தியலை எடுத்தான். நான் அவனுடைய மணிக்கட்டில் படாரென்று ஒன்று போட்டேன்.

"கோதாரி, அதைத் தொடாதை! தட்டினியெண்டால் காம் பின்னாலை போய், பிளொக்கின்ர பின்பக்க மூடியைத் தள்ளிப்போடும். பிறகு ஒயில் ஒழுகும், எஞ்சினைத் திருப்பிக் கழட்டோணும். மூண்டு போல்ற்றையும் மாறி மாறி இறுக்கு, அது தானா வந்து இருக்கும்."

அவன் இறுக்கினான், கியர் மெல்ல மெல்ல உள்ளே வந்து இருந்தது. பிறகு கொப்பியை எடுத்தான். "அந்தப் பின்பக்க மூடிக்கு இங்கிலீசிலை என்ன பேர்?"

எனக்குத் தெரியாது. கிழவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோப்பிக் கோப்பையோடு கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அன்புராசா எழுதினான்.

"இப்ப ரெண்டு புள்ளியும் நேரை நிக்குது. அப்ப ஒண்டாம் நம்பர் சிலிண்டர்தானே வெடிக்கும்?" என்று கேட்டான்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சு டிஸ்ரிபியூட்டரை மாறிப் பூட்டுறவை. இந்த எஞ்சினிலை இப்ப வெடிக்கிறது ஆறாம் நம்பர். ஒண்டாம் நம்பருக்குக் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுத்தோணும்."

"ஆறாம் நம்பர்" என்று சொல்லிக் கீழே இரண்டு கோடு போட்டான். அன்றைக்கு அவன் கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் பிறகு நான் படுத்துக் கிடந்து எண்ணிப் பார்த்தேன். வான் ஓடுவதற்குத் தேவையான கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் சோதனைக்காரன் கேட்கிற கேள்வி.

பங்குனி தொடக்கத்தில் எஞ்சின் வானுக்குள் ஏறியது. திறப்பைத் திருப்பினதும் ஒரே முறையில் பிடித்தது, தையல் மெசின்போல ஓடியது. விட்டோரியோ கைதட்டினார். அன்புராசா கிறீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி நான் இல்லையடா" என்றான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அதுதான் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

இரண்டு கிழமை கழித்து விட்டோரியோ நீலப் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். கூடவே ஒரு கடிதம். "ராஜா, முடிந்தது. மணித்தியாலம் எல்லாம் நிரம்பிவிட்டது. அரசாங்கக் கந்தோருக்குப் போய்ச் சோதனைக்குப் பதி" என்றார். அன்று பின்னேரமே இரண்டையும் அன்புராசாவிடம் கொண்டுபோனேன்.

"இனிச் சொல்லலாம்தானே?"

"சொல்லலாம். ஆனால் அவசரப்படாதை. உனக்கு நிரந்தர வதிவிடப் பேப்பர் இன்னும் கைக்கு வரேல்லை. கள்ளச் சின் நம்பரிலை வேலை செய்தனி எண்டு தெரிஞ்சால் அதையும் நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவாங்கள். எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒராள் இருக்கிறார். புத்தகத்தையும் கடிதத்தையும் தா, காட்டிக் கேட்டுக்கொண்டு வாறன்."

கொடுத்தேன். என்ர இந்தக் கையால் கொடுத்தேன்.

சித்திரை போனது, வைகாசி போனது. கேட்டால், "லோயர் லீவிலை" என்பான், "பைல் போட்டிருக்கிறார்" என்பான். விட்டோரியோ கேட்டால் நான், "பதிந்துவிட்டேன், திகதி வரவில்லை" என்பேன். இரண்டு பக்கமும் பொய். நடுவில் நான்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை கராஜுக்குப் போனேன். விட்டோரியோ வாசலிலேயே நின்றார். கழுத்தில் ரை கட்டியிருந்தார்! மேசையில் பெட்டி நிறைய கிறீம் வைத்த பணியாரம். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

"கள்ளன்! எனக்குச் சொல்லாமல் எழுதிவிட்டு வந்திருக்கிறாய்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சுவரைக் காட்டினார். அரசாங்கக் கடிதம் ஒன்றைச் சட்டம் போட்டு, கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். உங்களிடம் பயிற்சி பெற்ற அன்புராசா சோதனையில் சித்தியடைந்துவிட்டார், இத்துடன் அவருடைய அப்பிரன்டிஸ் ஒப்பந்தம் முடிவடைகிறது என்று முதலாளிக்கு எழுதியிருந்தார்கள்.

நான் அதை மூன்று முறை வாசித்தேன். கிழவர் பணியாரத்தை என்னுடைய வாய்க்குள் திணித்தார். நான் மென்றேன். எழுதாத சோதனைக்குக் கைகொடுத்தார், நான் கைகொடுத்தேன். "திங்கட்கிழமை லைசென்ஸ் காட்டைக் கொண்டு வா. இனிமேல் நீ கையெழுத்து வைக்கிற ஆள். எனக்கு முழங்கால் முடியவில்லை. மெல்ல மெல்ல எல்லாவற்றையும் நீதான் பார்க்கவேண்டும்" என்றார். அவருடைய கண் நிரம்பியிருந்தது. என்னுடைய கண்ணும்தான். அவர் அதைச் சந்தோசம் என்று நினைத்தார்.

வேலை முடிந்ததும் நேரே அன்புராசாவின் வீட்டுக்குப் போய்க் கதவில் அடித்தேன். அவன் என்னுடைய முகத்தைப் பார்த்ததும், "வெளியிலை போய்க் கதைப்பம்" என்றான். கெனடி றோட்டில் இருக்கிற டோனட் கடையில் போய் இருந்தோம். எனக்கு முன்னால் ஒரு கோப்பியை வைத்தான். நான் தொடவில்லை.

"சோதனை எழுதினியோ?"

"ஓம்."

"என்ர மணித்தியாலத்தைக் காட்டியோ?"

"நான் ஒண்டையும் களவெடுக்கேல்லை, நேசி. புத்தகத்திலை என்ர பேர்தான் இருந்தது. கையெழுத்தும் என்ர. கந்தோரிலை என்ர படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, போய் இரும் எண்டாங்கள். சோதனையை நான்தான் எழுதினனான்."

"ஆர் வேலை செய்தது?"

"நீதான்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"நீதான்." அவனுடைய குரல் உடைந்தது. "எனக்கு முப்பத்தெட்டு வயசு. எட்டு வருசம் வாளி செய்தவனை எந்த நாய் வேலைக்கு எடுக்கும்? உனக்குக் கை இருக்கு. உன்ர கையை ஆரும் பறிக்கேலாது, நாளைக்கும் நீ பிழைப்பாய். எனக்கு என்ர பேரைத் தவிர வேறை என்னடா இருந்தது?"

அப்பாவிபோல இருந்து கேட்கிறான்! மேசைக்கு மேலால் எட்டி அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தேன். கோப்பி கவிழ்ந்தது. பக்கத்து மேசையில் இருந்த சீனக் கிழவி எழுந்து தள்ளிப் போனாள்.

"எந்த நாள் நினைச்சனீ? சொல்லு. வானைக் கொண்டுவந்த நாளோ? அல்லது படிவத்திலை கையெழுத்து வைச்ச நாளோ?"

"தெரியாதடா" என்றான். "கடவுளாணை, தெரியாது."

"நான் போய்ச் சொல்லுவன். கந்தோரிலை போய் எல்லாத்தையும் சொல்லுவன்."

"சொல்லு. முதல்ல நீ ஆர் எண்டு கேப்பினம்." அவன் என்னுடைய கையைக் கழுத்திலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான். "கேள், நான் உன்னைக் கைவிடமாட்டன். வாற மாதம் யூனியன்வில்லிலை ஒரு கராஜிலை தொடங்கிறன். உன்னையும் எடுக்கச்சொல்லிச் சொல்லுறன். உன்ர சொந்தப் பேரிலை பதிவம். லைசென்ஸ்காரன் பக்கத்திலை நிக்கோணுமெல்லே, உன்ர மணித்தியாலத்துக்கு நான் கையெழுத்து வைப்பன்."

அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவன் அதை உதவி என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. நான் எழுந்து வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் இருந்து பெரிய சத்தமாக அழுதேன். நாலு பஸ் போனது.

பேர்ணடெற்றிடம் சொன்னபோது, நான் சொன்னேனே என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை. "நம்பவைச்சுக் கழுத்தறுத்துப்போட்டான்" என்று மட்டும் சொல்லி, சாப்பாட்டைப் போட்டாள். பிறகு, "திங்கள் என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள்.

வேறு வழி இல்லை. திங்கட்கிழமை கிழவர் லைசென்ஸ் காட்டைக் கேட்பார். வேலை முடியும்வரைகூடப் பொறுக்கமாட்டார். திங்கள் காலை போய், அவர் கோப்பி ஊற்றமுதல், நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீசு முட்டினது, சொல்லுகள் முன்னுக்குப் பின் மாறினது, ஆனால் சொல்லி முடித்தேன். விட்டோரியோ பழைய ரயர் அடுக்கின்மேல் இருந்துவிட்டார்.

"அப்போ இஞ்ஞாட்சியோ யார்?"

"நான்."

"என் கராஜில் நின்று என் கோப்பியைக் குடித்தவன்?"

"அவன்தான் அன்புராசா."

"அவனுக்கு நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்" என்றார். பிறகு, "உன்னுடைய சொந்தப் பேப்பர் எப்போது வந்தது?" என்று கேட்டார்.

"தொண்ணூற்றிநாலு, கார்த்திகை."

"ஒன்றரை வருடத்துக்கு மேல்." விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "அன்றைக்கே நீ வந்து சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே ஒரு புதுப் புத்தகம் எடுத்து உன் பெயரை எழுதியிருப்பேன். பழையதுக்கும் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். எனக்கு என்ன நட்டம்? இப்போது அவன் சோதனை எழுதிவிட்டான். அந்தப் புத்தகத்தில் கிடப்பது முழுக்க என்னுடைய கையெழுத்து. நான் இனி வாய் திறந்தால், மூன்று வருடத்துக்கு மேல் பொய் எழுதினவன் நான்தான்."

வெள்ளைக்காரன்ர மனம் எங்களுக்குத் தெரியுமே என்று கேட்டவனை நம்பினேன். ஒவ்வொரு வெள்ளியும் எனக்காகக் கையெழுத்து வைத்த மனுசனை நம்பவில்லை.

"நான் ராஜா என்று கூப்பிடும்போது," என்றார் கிழவர், "ஒரு நாளாவது உனக்குத் திரும்பிப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது. "இல்லை. பழகிவிட்டது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வியாழக்கிழமை டோனட் கடையில் நான் அன்புராசாவைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனுசன் நம்பினவனைப் பார்த்து, நீ யாரடா என்று கேட்கிற பார்வை. எனக்கு அழுகிற தகுதிகூட இல்லாமல் போய்விட்டது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி, மேசை லாச்சியைத் திறந்து, அதற்குள் கவிழ்த்து வைத்தார். "லிப்டில் நிற்கிற காரை முடி. பின்னேரம் ஆள் வரும்" என்றார்.

நான் காருக்குக் கீழே போனேன். பின் பிறேக் இரண்டும் மாற்றவேண்டும். பத்து மணிக்குப் போன் வந்தது, பன்னிரண்டு மணிக்குச் சாமான் வந்தது, இரண்டு மணிக்கு ஒரு பெண் சாவியைத் தேடிக்கொண்டு வந்தாள். அன்று முழுவதும் விட்டோரியோ என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஸ்பனர் தேவைப்பட்டபோது, அந்த முழங்காலோடு தானே நடந்துவந்து, எடுத்துக்கொண்டு போனார்.